அலர்ஜி மாத்திரைக்குப் பாக்டீரியா சாகுமா?

எனக்குத் தூசி ஆகாது. பரணைத் துடைக்க ஏறினால், இறங்கும்போது இருபது தும்மலோடுதான் இறங்குவேன். அதனால் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, செட்ரிசின் அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அது தீர்ந்துபோன ஒரு நாள் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் கைப்பேசியைக் கடைக்காரரிடம் நீட்டி, "அண்ணே, அலர்ஜி மாத்திரையே பாக்டீரியாவையும் கொல்லும் என்று போட்டிருக்கிறார்களே, அப்புறம் எதற்குத் தனியாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும்?" என்று கேட்டார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "டாக்டர் எழுதியதை வாங்கிக்கொண்டு போங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தம்பி கேட்டதும் அசட்டுக் கேள்வி இல்லை. அவர் படித்த செய்தியில் பொய்யும் இல்லை. அலர்ஜி மாத்திரைகள் சில, ஆய்வகத்தில், பாக்டீரியாவை வளர விடாமல் தடுக்கின்றன. சிலவற்றுக்கு அது செத்தும் போகிறது. இதைக் கல்கத்தாவில் 1970களிலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் தொண்டைப் புண்ணுக்குச் செட்ரிசின் ஏன் மருந்தாகவில்லை? செய்தியில் விடுபட்டுப்போன ஒரு சொல்லில் விடை இருக்கிறது. எவ்வளவு?

மாத்திரையின் சொந்த வேலை

நம் தோலுக்கடியிலும் மூக்கின் உட்சுவரிலும் கண்ணோரத்திலும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வாத தூசியோ மகரந்தமோ வந்து பட்டதும் பொட்டலங்கள் பிரிகின்றன. வெளியே கொட்டிய ஹிஸ்டமின், பக்கத்து நரம்புகளிலும் ரத்தக் குழாய்களிலும் தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காருகிறது. உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து அரிப்பு, தும்மல், மூக்கொழுகல், தடிப்பு.

அலர்ஜி மாத்திரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகளைத்தான். செட்ரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின், அவில் என்ற பெயரில் பழகிப்போன ஃபெனிரமின், சளி மாத்திரைகளில் கலந்து வரும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் இந்தக் கூட்டம். இவை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஓர் இடத்துக்கு ஒரு துண்டு போதும். மூட்டை மூட்டையாகத் துணியை இறக்க வேண்டியதில்லை. அதனால்தான் செட்ரிசின் வெறும் 10 மில்லிகிராமில் வேலையை முடித்துவிடுகிறது. இந்தப் பத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

பாக்டீரியாவிடம் நம்முடைய அந்த ஏற்பி கிடையாது. அதற்குத் தும்மலும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆகவே இந்த மருந்தால் ஒரு பாக்டீரியா சாகிறது என்றால், மருந்து தன் சொந்த வேலையைச் செய்ததால் சாகவில்லை. அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

அதற்குப் போகும் முன் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "அவில் போட்டேன், சளி நின்றுவிட்டது, கிருமி செத்துவிட்டது" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சளி நின்றது உண்மை. பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளுக்கு ஹிஸ்டமினைத் தடுப்பதோடு, சுரப்பிகளைத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்ற பொருளையும் தடுக்கும் பழக்கம் உண்டு. மூக்கு வறண்டதற்கு அது காரணம். நாக்கு ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே காரணம். கிருமி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மேலும், சாதாரணச் சளியைக் கொண்டுவருவது வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் எந்த மருந்துக்கும் அங்கே வேலையே கிடையாது.

ஒரே அடுப்பில் வெந்த இரண்டு மருந்துகள்

ஒரு பழைய கதை. 1930களில் ஜெர்மனியிலிருந்து புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் மருந்தாக வந்தது. பாக்டீரியா தொற்றிய எலிகளை அது பிழைக்க வைத்தது. ஆனால் சோதனைக் குழாயில் போட்டால் ஒன்றும் செய்யவில்லை. 1935-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எர்னஸ்ட் ஃபூர்னோவின் ஆய்வகத்தைச் சேர்ந்த சிலர் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். சாயம் உடம்புக்குள் போய் இரண்டாக உடைகிறது. நிறமற்ற பாதியான சல்ஃபனிலமைட்தான் கிருமியைத் தடுக்கிறது. அந்தக் குழுவில் ஒருவர் டேனியல் போவே. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1937-இல், அதே போவே ஆன் மாரி ஸ்டாப் என்ற மாணவியோடு சேர்ந்து உலகின் முதல் ஹிஸ்டமின் தடுப்புப் பொருளைக் கண்டுபிடித்தார். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை அதற்கு இருந்தது. ஆனால் பின்னால் வந்த அத்தனை அலர்ஜி மாத்திரைகளுக்கும் அதுதான் பாட்டி. 1957-இல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாக்டீரியா மருந்தும் அலர்ஜி மருந்தும் ஒரே ஆய்வகத்தில், ஒரே கைகளால் வந்தவை என்பதை மருத்துவ மாணவர்களுக்குக் கூட யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது பிடித்த விவரம் என்பதால் சொன்னேன். இதனால் இரண்டும் ஒரே மருந்தாகிவிடாது. ஆனால் இன்னொரு உறவு இருக்கிறது, அது வேதியியல் உறவு.

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலையோ கன்னத்து உட்தோலையோ நுண்ணோக்கியில் பார்க்க மெத்திலீன் நீலம் தொட்டவர்களுக்குத் தெரியும், விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அப்படி உயிர்ப்பொருளைக் கவ்விக்கொள்ளும் அந்தச் சாயத்தை 1891-இல் பெர்லினில் பால் எர்லிக்கும் பால் குட்மனும் இரண்டு மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமியின் மேல் போய் ஒட்டுகிற சாயம் கிருமியைத் தீர்த்துக்கட்டவும் உதவாதா என்பது எர்லிக்கின் யோசனை. மெத்திலீன் நீலத்தின் எலும்புக்கூடு, மூன்று வளையங்கள் ஒட்டிய ஃபீனோதயசின் என்ற அமைப்பு. 1940களில் பிரான்ஸின் ரோன் பூலாங்க் நிறுவனம் அதே எலும்புக்கூட்டின் மேல் கட்டியதுதான் புரோமெத்தசின். அலர்ஜிக்கும், மலைப்பாதைப் பயணத்தில் வரும் குமட்டலுக்கும் இன்றும் கொடுக்கப்படும் அதே மருந்து. தாத்தா கிருமியோடு மல்லுக்கட்டியவர். பேரனுக்கும் கொஞ்சம் அந்தக் குணம் ஒட்டியிருப்பதில் வியப்பில்லை.

ஒரு வரிசைக் குழாய்கள்

1976-இல் கல்கத்தாவின் சுஜாதா தஸ்திதாரும் ஏ.என். சக்ரவர்த்தியும் மற்றவர்களும் சேர்ந்து பெனட்ரில், ஆம்போட்ரில் என்ற இரண்டு அலர்ஜி மருந்துகளின் பாக்டீரியா எதிர்ப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெனட்ரில் என்றால் அதன் பழைய மூலப்பொருளான டைஃபென்ஹைட்ரமின். அதே காலத்தையொட்டியும் அதற்குப் பிறகும் டென்மார்க், ஹங்கேரி போன்ற இடங்களிலும் இதேபோன்ற ஆய்வுகள் நடந்தன. ஹங்கேரியின் செகெட் நகரத்தில் யோசெஃப் மோல்னாரின் குழு, புரோமெத்தசினோடு வளர்ந்த பாக்டீரியாக்கள், மருந்து எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தைத் தொலைத்துவிடுகின்றன என்று காட்டியது. இந்த மருந்துகளுக்கெல்லாம் சேர்த்து 'ஆன்டிபயாடிக் அல்லாதவை' என்று ஒரு பெயரும் அறிவியல் வட்டாரத்தில் நிலைத்துவிட்டது. எதிர்மறையில் வைத்த பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர்.

இவர்கள் சோதிக்கும் முறை எளிது. அதை ஒருமுறை மனக்கண்ணால் பார்த்துவிட்டால், செய்தித்தாளில் வரும் பாதி மருந்துச் செய்திகளை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

பத்துக் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்துங்கள். எல்லாவற்றிலும் பாக்டீரியா தின்று வளரும் சத்துநீர் இருக்கிறது. தெளிந்த ரசம் போல இளமஞ்சள் நிறம். முதல் குழாயில் மருந்து ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் இருக்கட்டும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்ததில் அதில் பாதி, 100. அதற்கடுத்து 50, 25 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு பாக்டீரியாவை விட்டு, உடல்சூடான 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துவிடுகிறார்கள். காலையில் வந்து ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். பாக்டீரியா பெருகிய குழாய் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருக்கும். பெருக முடியாத குழாய் நேற்று இருந்தபடியே தெளிவாக இருக்கும். கலங்கல் வரிசையிலிருந்து வரும்போது முதலில் தெளிவாகத் தெரிகிற குழாய் எதுவோ, அதிலுள்ள மருந்தின் அளவுதான் 'குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு'. பாக்டீரியா ஆய்வாளர்கள் காலையில் காபிக்கு முன் பேசிக்கொள்ளும் எண் அது.

தெளிவான குழாய் என்றால் கிருமி செத்துவிட்டது என்று பொருளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருகாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மருந்தில்லாத ஊட்டத்தட்டில் இழுத்து, மறுநாள் புள்ளிகள் முளைக்கின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும். முளைத்தால், தூங்கியிருக்கிறது. முளைக்காவிட்டால், செத்திருக்கிறது. 'தடுக்கிறது', 'கொல்கிறது' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையில் இந்த ஒரு நாள் வேலை இருக்கிறது. தலைப்பு எழுதுபவர்கள் அந்த ஒரு நாளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கணக்கு

டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளுக்கு அந்தத் தெளிந்த குழாய் பெரும்பாலும் மில்லிக்கு 100 மைக்ரோகிராமையொட்டிய வட்டாரத்தில் கிடைக்கிறது. இப்போது இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். அதே மருந்தை 50 மில்லிகிராம் விழுங்கிய மனிதரின் ரத்தத்தில், உச்சத்தில் இருக்கும்போதே, மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் கூடத் தேறாது. ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. லோராட்டடின் 10 மில்லிகிராம் மாத்திரை இன்னும் சிக்கனம். ரத்தத்தில் அதன் உச்சம் மில்லிக்குச் சில நானோகிராம்கள்தான். நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"சரி, கூடுதலாகப் போட்டால்?" என்று கேட்பவர் இருப்பார். விழுங்கிய மருந்து ரத்தத்தோடு நிற்பதில்லை. கொழுப்பிலும் தசையிலும் மூளையிலும் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. டைஃபென்ஹைட்ரமினைப் பொறுத்தவரை நம் உடம்பு, மாடியில் நீல நிறத்தில் வைத்திருப்பார்களே, அந்த 200 லிட்டர் தண்ணீர் டிரம்மைவிடப் பெரிய பாத்திரம் போல நடந்துகொள்கிறது. அந்த டிரம் முழுவதும் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வரவேண்டுமானால் 20 கிராம் மருந்து வேண்டும். 50 மில்லிகிராம் மாத்திரையில் நானூறு. அதற்கு வெகு முன்னாலேயே வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வந்து ஆள் போய்விடுவார். இது கற்பனை பயம் இல்லை. இணையத்தில் பரவிய ஒரு விபரீத விளையாட்டில் இதே மருந்தை அளவுக்கு மீறி விழுங்கிய பதின்வயதினர் மருத்துவமனைகளுக்கு வந்துசேர, 2020-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரிக்கை விடுக்க வேண்டியிருந்தது.

இப்போது உண்மையான ஆன்டிபயாடிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் விழுங்கினால் ரத்தத்தில் மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறுகிறது. தொண்டைப் புண்ணைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைத் தடுக்க 0.1-க்கும் குறைவாகவே போதும். தேவைக்கு ஐம்பது மடங்கு கையிருப்பு. அலர்ஜி மாத்திரை ஆயிரம் மடங்கு பள்ளத்தில் நிற்கிறது. ஆன்டிபயாடிக் ஐம்பது மடங்கு மேட்டில் நிற்கிறது.

இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆய்வகம் கூட வேண்டாம். வீட்டிலுள்ள இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். செட்ரிசினில் 10 என்று அச்சிட்டிருக்கும், அமாக்சிசிலினில் 500. ஒன்று நாற்காலியில் துண்டு போட வந்தது. மற்றது ஊர் முழுக்கப் பரவியிருக்கும் எதிரியோடு சண்டைக்கு வந்தது.

அமாக்சிசிலினை அவ்வளவு அள்ளிக் கொடுத்தும் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அது பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. நம் செல்களுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை யார் இடிப்பது? அலர்ஜி மருந்து பாக்டீரியாவை அடிக்கும் விதம் வேறு. பழைய அலர்ஜி மருந்துகள் பலவற்றின் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் எண்ணெய்ப் பசை மிக்க வளையங்கள், மறுபக்கம் நேர்மின்னேற்றம் பெறும் நைட்ரஜன். எண்ணெயோடும் ஒட்டும், தண்ணீரோடும் ஒட்டும். சோப்பும் அப்படித்தான். பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னேற்றம் மிகுந்தது என்பதால் இந்த மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கூட்டம் சேர்ந்தால் சவ்வு நெகிழ்ந்து, உள்ளே இருப்பது கசிகிறது. வெளியே இன்னொரு சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கும் ஈ.கோலை வகையறாக்கள் இதற்கு அவ்வளவு சுலபமாக மசிவதில்லை. நமக்குச் சுவர் இல்லை, ஆனால் சவ்வு இருக்கிறது. ஆகவே அளவு ஏற ஏற, பாக்டீரியாவுக்கு விழும் அடி நமக்கும் விழும்.

இதில் இன்னொரு வேடிக்கை. எண்ணெய்ப் பசை அதிகமுள்ள பழைய மாத்திரைதான் மூளைக்குள்ளும் சுலபமாக நுழைந்து தூக்கத்தைக் கொண்டுவருகிறது. செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிந்தைய மருந்துகளில் ஓர் அமிலத் தொகுதி சேர்ந்திருப்பதால் எண்ணெய் மோகம் குறைந்துவிட்டது. தூக்கமும் குறைந்தது, சவ்வைத் துளைக்கும் துடுக்கும் குறைந்தது. நல்ல அலர்ஜி மாத்திரையாக முன்னேற முன்னேற, பாக்டீரியாவுக்கு அது பரம சாதுவாகிறது என்று சொல்லலாம்.

பிறகு ஏன் இன்னும் ஆராய்கிறார்கள்?

தனியாக நின்று கொல்ல முடியாவிட்டாலும், கொல்பவருக்குக் கை கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். 2019-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள ஹை பாயின்ட் பல்கலைக்கழகத்தில் மேகன் பிளாக்லெட்ஜின் குழு லோராட்டடினை எடுத்துக்கொண்டது. எதிரி, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருந்துவிட்டு, அறுவைசிகிச்சைப் புண் கிடைத்தால் உள்ளே புகும் பாக்டீரியா. அதில் பென்சிலின் குடும்பத்துக்கு அசையாத வகைகள் மருத்துவமனைகளைப் பல ஆண்டுகளாகப் படுத்திக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பாக்டீரியாவின் சவ்வில் ஒரு கைனேஸ் புரதம் உண்டு. செல்சுவரின் உடைந்த துண்டுகள் தட்டுப்பட்டால் அது உள்ளே தகவல் அனுப்பும்: சுவரில் கை வைத்துவிட்டார்கள், தயாராகுங்கள். ஊரில் தண்டோரா போடுபவர் மாதிரி. லோராட்டடின் அந்தத் தண்டோராக்காரரின் வாயைப் பொத்துகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. பாக்டீரியா சாகவில்லை, ஆனால் ஆன்டிபயாடிக் வந்து சுவரை இடிக்கும்போது அதற்குச் சரியாகத் தற்காத்துக்கொள்ளத் தெரியவில்லை. அசையாத வகைகள் மேல் பென்சிலின் குடும்ப மருந்துகளும் வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கூடுதலாக வேலை செய்தன. குளத்துப் படிக்கட்டுப் பாசி போல இந்தப் பாக்டீரியாக்கள் சேர்ந்து கட்டும் வழவழப்பான படலமும் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வு பிடித்திருப்பதற்குக் காரணம், 'கொல்கிறது' என்ற சொல்லை அது தேவையில்லாததாக்கிவிடுவதுதான். ஆனால் ஆய்வகத்தில் பயன்படுத்திய செறிவு இங்கேயும் மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் காணும் அளவைவிட மிக அதிகம். ஆகவே அவர்கள் தேடுவது லோராட்டடினை அல்ல. லோராட்டடினைப் பார்த்து வரைந்த, ஆனால் குறைந்த அளவில் அதே வாயைப் பொத்தக்கூடிய வேறொரு மூலக்கூறை.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2015-இல், ஸ்டான்ஃபோர்டில் ஜெயக்குமார் ராஜதாஸின் ஆய்வகத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. அமெரிக்காவில் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குக் காரணமான பொரீலியா, பாக்டீரியாக்களில் ஒரு விசித்திரப் பிறவி. ஏறக்குறைய எல்லா உயிர்களும் இரும்பைத் தேடி அலையும்போது, இது இரும்பைச் சீண்டுவதில்லை. மாங்கனீசை வைத்தே காலம் தள்ளுகிறது. நம் உடம்பு கிருமிகளைப் பட்டினி போட இரும்பை ஒளித்துவைக்கும் பழைய தந்திரம் இதனிடம் செல்லாது. மாங்கனீசை உள்ளே இழுக்க அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. லோராட்டடின் நம் கல்லீரலில் மாறி உண்டாகும் டெஸ்லோராட்டடின் அந்த வாசலை அடைக்கிறது, சோதனைக் குழாயில் பொரீலியா சாகிறது என்று காட்டினார்கள். சோப்பு மாதிரி கண்மூடித்தனமாகச் சவ்வைக் கரைக்காமல், குறிப்பிட்ட ஒரு வாசலில் போய் நிற்பதால் இது நல்ல துப்பு. லைம் நோய் வந்து மாதக்கணக்கில் அலுப்பும் மூட்டுவலியுமாகக் கிடப்பவர்கள் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. இருந்தாலும் அது சோதனைக் குழாய்ச் செய்திதான். லைம் நோய்க்கு மருத்துவர்கள் எழுதுவது இன்றும் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கைத்தான்.

மூன்றாவது கதை டெர்ஃபெனடினுடையது. அது சோகக் கதை. தூக்கம் தராத முதல் அலர்ஜி மாத்திரை என்று 1985-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து கொடிகட்டிப் பறந்தது. விழுங்கிய டெர்ஃபெனடின் கல்லீரலைக் கடக்கும்போதே முழுக்க வேறொன்றாக மாறிவிடும். அந்த மாறிய பொருள்தான் உடம்பில் வேலை செய்யும். ஆனால் சிலருக்குக் கல்லீரலின் அந்த வேலை தடைப்பட்டது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, சில உயிர்களைக் குடித்தது. கல்லீரலைத் தடுத்தது யார் தெரியுமா? கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். அலர்ஜி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகச் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். 1990களின் கடைசியில் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளையே நேரடியாக மாத்திரையாக்கிக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்று நாம் வாங்கும் ஃபெக்ஸோஃபெனடின்.

செத்த மருந்து இப்படித்தான் மறுபடி எழுந்தது: டெர்ஃபெனடின் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை அடக்குகிறது என்று தெரியவந்தது. முறுக்கிக்கொள்ளும் டி.என்.ஏ.வை அவிழ்த்துவிடும் பாக்டீரியா நொதியை அது தடுப்பதாக 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மூலக்கூறில் இங்கே ஓர் அணுவைக் கழற்றி, அங்கே ஒன்றை மாட்டி, இதயத்தை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும் வடிவத்தைத் தேடினார்கள். தையற்காரர் பழைய சட்டையைப் பிரித்துப் பையனுக்குச் சட்டை தைப்பது மாதிரியான வேலை. துணி அதுதான், அளவு வேறு.

எவ்வளவு என்பது எங்கே என்பதையும் பொறுத்தது

ரத்தத்தில் ஆயிரம் மடங்கு குறைவு என்று சொன்னேன். ஆனால் மருந்தை விழுங்காமல் நேராக அந்த இடத்திலேயே தெளித்தால்? அசெலாஸ்டின் என்ற அலர்ஜி மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக வருகிறது, 0.1 சதவீதக் கரைசல். கணக்குப் போட்டால் மில்லிக்கு 1,000 மைக்ரோகிராம். குழாய் வரிசையில் நாம் முதலில் வைத்த 200-ஐயே இது தாண்டிவிட்டது. மூக்குச் சளியில் கரைந்து ஓடிவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் தொடங்கும் இடம் வேறு. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் 450 பேரை வைத்து நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், இந்த ஸ்பிரேயைப் பயன்படுத்தியவர்களுக்குக் கொரோனா தொற்று குறைவாக வந்தது. அது வைரஸ், பாக்டீரியா பற்றி அந்த ஆய்விலிருந்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய அலர்ஜி மருந்துக்குப் புது வேலை கிடைக்குமானால் மூக்கு, கண், தோல் போன்ற வெளிவாசல்களில்தான் முதலில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோலுக்கும் ஒரு சிக்கல் உண்டு: டைஃபென்ஹைட்ரமின் களிம்பைப் பூசினால் சிலருக்கு அந்தக் களிம்பே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அலர்ஜி மருந்துக்கு அலர்ஜி.

இன்னோர் இடம் குடல். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும் முன், குடலில்தான் அடர்த்தியாக இருக்கிறது. அங்கே நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் கோடி கோடியாகக் குடியிருக்கின்றன. ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் லிசா மையர், கிரண் பாட்டீல், அத்தனாசியோஸ் டைபாஸ், பீர் போர்க் ஆகியோர் அடங்கிய குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைக் குடல் பாக்டீரியாக்களில் 40 வகைகள் மேல் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. பாக்டீரியாவுக்காகச் செய்யப்படாத, மனித செல்களைக் குறிவைத்த மருந்துகளில் 24 சதவீதம், குறைந்தது ஒரு வகைக் குடல் பாக்டீரியாவையாவது வளர விடாமல் தடுத்தன. மனநோய் மருந்துகள் அதில் தூக்கலாக இருந்தன. அவற்றில் பழையவை புரோமெத்தசினின் ஃபீனோதயசின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால் பாதி புரியும்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. இப்படிப்பட்ட மருந்துகளை வெளியே தள்ளப் பாக்டீரியா பயன்படுத்தும் அதே பம்புகள்தான் ஆன்டிபயாடிக்குகளையும் வெளியே தள்ளுகின்றன. அதாவது, சாகாத அளவு அலர்ஜி மாத்திரையையோ வேறெதையோ தினம் தினம் சந்திக்கும் குடல் பாக்டீரியா, ஆன்டிபயாடிக்கைச் சமாளிக்கவும் பழகிக்கொள்ளக்கூடும். மருந்துக் கடையில் அந்தத் தம்பி கேட்ட கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது இது. அலர்ஜிக்கு எழுதிய மாத்திரையை இதற்குப் பயந்து நிறுத்த வேண்டிய அவசியம் எதுவும் இப்போது இல்லை. நானும் பரண் ஏறும் நாளில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வெறும் அலர்ஜி மாத்திரைதான்" என்று முனகாமல் அதன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.